ஏசி வாங்கும் முன் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார், கண்ணு

வேலூர்,
13.4.2025

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி வீடியோவில் குழந்தையின் கழுத்தைக் காட்டினாயே, அந்த வியர்க்குருவைப் பார்த்ததிலிருந்து உன் அம்மா தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி குழந்தை அழுகையில் போய்விடும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். நாளை சித்திரை பிறக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் கத்திரி, அதற்குள் ஏசி மாட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் கடையில் "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்று சொன்னதற்காக ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள். நான்கு நாள் பொறுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போன மாதம் குழந்தையையும் உன்னையும் கொண்டுவந்து விட்டேனே, அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு உங்கள் படுக்கையறையில் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சிய பால் ஊற்றிய டம்ளரைப் பிடித்த மாதிரி இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி மேலே சீலிங்கைத் தொட்டேன், அதுவும் அப்படியே. வெளியே கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஃபேன் சுற்றச் சுற்ற அனல்தான் இறங்குகிறது. கடைசி மாடி வீட்டின் கதை இதுதான். பகல் முழுக்கக் கான்கிரீட் குடிக்கிற வெயிலை ராத்திரி முழுக்க அறைக்குள் கக்கும். நீ வாங்கப் போகிற ஏசி முதலில் அந்தச் சுவரோடும் கூரையோடும்தான் மல்லுக்கட்ட வேண்டும், அப்புறம்தான் குழந்தைக்குக் குளிர்ச்சி. அதனால் சுவரையும் கூரையையும் பார்க்காமல் ஏசியை மட்டும் பார்த்தால் பணம்தான் போகும்.

நம் வேலூரில் இத்தனை வருடம் ஏர்கூலரில் காலம் தள்ளினோம் என்று அம்மா சொல்லியிருப்பாள். இங்கே வறண்ட வெயில், தண்ணீர் ஆவியாகும், காற்று குளிரும். நீங்கள் இருக்கும் திருவான்மியூர் சென்னையின் கடற்கரைப் பக்கம், காற்றிலேயே ஈரம் இருக்கிறது, அங்கே கூலர் வைத்தால் இன்னும் கசகசப்புதான் கூடும். அதனால் உனக்கு ஏசிதான். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

சரி, எத்தனை டன்? கடைக்காரர் 1 டன் போதும் என்றாராம். அந்த அறை 12க்கு 13, அதாவது 156 சதுர அடி. நடு மாடியில் வெயில் படாத அறையாக இருந்தால் 1 டன் எப்படியோ சமாளிக்கும். உன்னுடையது கடைசி மாடி, மேற்குச் சுவர், அதில் பெரிய ஜன்னல் வேறு. 1.5 டன்தான் சரி. டன் என்றால் மெஷினின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அந்தக் கணக்கு அது, மணிக்கு 12,000 பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு). மெரினா பக்கம் போகும்போது திருவல்லிக்கேணியில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பாய், அதற்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டியது. அந்த நாள் ஐஸ் கணக்குதான் இன்றைக்கும் ஏசி பெட்டி மேல் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். லேபிளில் போட்டிருக்கும் அந்த டன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. சென்னையில் மே மாதப் பகலில் 40ஐத் தாண்டும், மொட்டை மாடித் தரை மேல் அதைவிடக் கூடுதல். வெளியே சூடு ஏற ஏற மெஷின் தரும் குளிர்ச்சி குறைந்துகொண்டே வரும். "52 டிகிரியிலும் ஓடும்" என்று விளம்பரத்தில் இருக்கும், ஓடும் என்பது வேறு, முழுதாகக் குளிரவைக்கும் என்பது வேறு. 43 அல்லது 46 டிகிரியில் எவ்வளவு குளிர்ச்சி தரும் என்று கம்பெனி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று மாப்பிள்ளையைத் தேடிப் பார்க்கச் சொல். அப்படிப் போட்டிருக்கும் மெஷினுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

இன்வெர்ட்டர் ஏசியே வாங்குங்கள். வீட்டில் பேட்டரியோடு இருக்கிறதே அந்த இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய மாடலில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இதில் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். 1.5 டன் பெரியதாயிற்றே என்று பயப்படத் தேவையில்லாததும் இதனால்தான், நடுராத்திரிக்கு மேல் அது தானாகவே அடங்கிவிடும்.

ஸ்டார் விஷயத்தில் ஸ்டாரை மட்டும் எண்ணாதே. அந்தக் கணக்கைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், போன கணக்கில் 5 ஸ்டாராக இருந்தது புதுக் கணக்கில் இறங்கிவிடும். ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஒரு எண் இருக்கும், இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தரும் என்ற கணக்கு அது, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. கீழே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும், அது 1600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. 1.5 டன்னில் 5 ஸ்டார் ஒன்று 780 யூனிட், 3 ஸ்டார் ஒன்று 1000 யூனிட் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள். ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதம் ஓட்டினால் முதலாவது 235 யூனிட் இழுக்கும், இரண்டாவது 300. வித்தியாசம் 65 யூனிட்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மற்றது எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஆகிறது என்றாயே, கூட்டிப் பார். ஒன்று 485, இன்னொன்று 550. நம் ஊர் ஈ.பி. கணக்கில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் மாறும். அதனால் குழந்தை பெரியவள் ஆகும்வரை தினமும் ஓடப் போகிற மெஷினுக்கு 5 ஸ்டார் கட்டாயம் வேண்டும். விருந்தாளி அறைக்கு ஒன்று வாங்கும் நாள் வந்தால் அதற்கு 3 ஸ்டார் போதும்.

இப்போது கடல் விஷயம். கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு வயரிங் மாற்றப் போயிருந்தேன், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கும். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகட்டில் விரல் வைத்தேன், வெள்ளை மாவாக உதிர்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது என்று அந்த வீட்டு அம்மா கண்கலங்கிச் சொன்னார்கள். உப்புக் காற்று அப்படித் தின்றுவிடுகிறது. அதனால் காயில், அதாவது குளிரவைக்கும் கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருள், செம்பாக இருக்க வேண்டும், தகட்டில் அரிப்புத் தடுக்கும் பூச்சு இருக்க வேண்டும், இரண்டையும் பில் போடும் முன் கேள். அலுமினியக் காயில் விலை குறைவுதான், ஓட்டை விழுந்தால் பக்கத்து மெக்கானிக் பற்றவைத்துத் தருவது கஷ்டம். உப்பு அரிப்புக்கு வாரண்டி உண்டா என்றும் கேட்டுக்கொள், கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடச் சொல், பைப்பை வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

அவுட்டோர் யூனிட்டை வெளிச்சுவரில் தொங்கவிட விட்டுவிடாதீர்கள். மூன்றாவது மாடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் தொங்கிக்கொண்டு சர்வீஸ் பண்ண வேண்டி வரும், அந்தப் பையனுக்கும் ஒரு வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் ஸ்டேண்ட் போட்டு வைத்தால் நின்றுகொண்டு வேலை பார்க்கலாம், பைப்பும் குறைவாகவே ஆகும். அசோசியேஷனில் முதலில் கேட்டுவிடுங்கள். வெயில் நேராக விழாமல் மேலே சின்னதாக ஒரு ஷீட் போடலாம், ஆனால் நான்கு பக்கமும் காற்று ஓட இடம் விட வேண்டும். அழகுக்காக அடைத்துக் கூண்டு கட்டினால் அது விட்ட சூட்டையே அது திரும்பக் குடிக்கும்.

நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2017இல் நம் வீட்டில் மாட்டிய ஏசி இரண்டாவது கோடையிலேயே கேஸ் போய் நின்றதே, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். தப்பு மெஷினில் இல்லை. மாட்ட வந்தவர் அவசரத்தில் இருந்தார், பைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப் கொண்டுவரவே இல்லை. பைப்பை இணைத்துவிட்டு, உள்ளே இருக்கிற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டு "ஆச்சு சார்" என்றார். முப்பத்தைந்து வருடம் வயரிங் வேலை பார்த்த எனக்கு வயர் தெரியும், கேஸ் தெரியாது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மூன்று கோடை, வருடாவருடம் "கேஸ் ஏத்தணும் சார்" என்று பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவதாக வந்த ஒரு வயதான மெக்கானிக்தான் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருப்பதைக் காட்டி, "கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சாமான் இல்ல சார், குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார். பைப் முனையைப் புதிதாக விரித்து, நட்டை முறுக்கி, வேக்கம் போட்டு, எடை போட்டுக் கேஸ் நிரப்பினார். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

அதனால் மாட்ட வருபவரிடம் முதல் கேள்வியே "வேக்கம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா" என்பதாக இருக்கட்டும். இல்லை என்றால் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடு. பைப்புக்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசர் ஆயுசு குறையும். பம்பைப் போட்டால் கால் மணி நேரம், இருபது நிமிடமாவது ஓட வேண்டும், நிறுத்தியபின் மீட்டரில் முள் ஏறாமல் நிற்க வேண்டும். அப்புறம் நட்டு மேல் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல். இப்போது வருகிற பல மெஷினில் ஆர்32 கேஸ், அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் வேலை நடக்கும்போது அந்தப் பக்கம் விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இருந்துவிடு.

வயரிங்கைப் பற்றி நீ கவலைப்படாதே, அது என் வேலை. ஏசிக்குத் தனியாக டி.பி.யிலிருந்து (வீட்டுக்குள் கரண்ட் பிரிகிற பெட்டி) 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்), சரியான எர்த். கீசர் லைனில் இருந்து இழுக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே.

இன்டோர் யூனிட்டைக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் வைக்க வேண்டாம், தூளி கட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிரிலும் வேண்டாம். கதவுக்கு மேல் இருக்கிற தெற்குச் சுவர்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, காற்று அறையின் நீளத்துக்குப் போய்த் திரும்பும், குழந்தை மேல் நேராக விழாது. சுவரில் போடுகிற ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே சொட்டிச் சுவர் ஊறும். 26 டிகிரியில் வைத்து ஃபேனைச் சின்னதில் ஓடவிடு, குழந்தைக்கு அது போதும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று அரசாங்கமே சொல்கிறது, 24இல்தான் தானாக ஆரம்பிக்க வேண்டும் என்று 2020இல் கட்டாயமும் ஆக்கினார்கள். சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், ஆகவே காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிடு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவு.

கூரை. அதற்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு மேலே தட்டோடு பதித்தார்கள், உன் தாத்தா வீட்டு மாடியில் நீ செருப்பில்லாமல் ஓடினாயே, அது அந்தத் தரைதான். உங்கள் அபார்ட்மெண்டில் மேலே வெறும் சிமெண்ட்தான் பூசியிருக்கிறார்கள். உங்கள் அறைக்கு மேல் இருக்கும் பகுதிக்காவது வெள்ளைக் கூலிங் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க அசோசியேஷனில் அனுமதி வாங்கச் சொல், செலவை நான் கொடுக்கிறேன். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி போட்டுவிடலாம், திரைத்துணி உள்ளே இருந்தால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின்தான் தடுக்கும்.

சனிக்கிழமை காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறிவிடுகிறேன். டேப், டெஸ்டர், 4 ஸ்கொயர் வயர் எல்லாம் என் பையில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டரை வரச் சொல்லிவிடுங்கள், நான் நிற்கும்போதே நடக்கட்டும். அதுவரை ராத்திரியில் குழந்தைக்குப் பவுடர் போடாதே, மெல்லிய பருத்தித் துணி போதும், கழுத்து மடிப்பை ஈரத்துணியால் துடைத்து உலரவிடு என்று அம்மா சொல்லச் சொன்னாள். மோர் மிளகாயும் கொடுத்தனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா