எஞ்சினை இறக்காதே மச்சான்

தலவாக்கலை,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கிணறு இந்த வருஷமாவது கைவிடாமல் இருக்கட்டும். வீட்டு விஷயங்களுக்குப் பிறகு வருகிறேன். கடைசியில் உன் கெப் (பிக்கப்) வண்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாயே, படித்ததிலிருந்து மனது அதிலேயே நிற்கிறது.

காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மத்தியானம் சுமையோடு திரும்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, கராஜில் காட்டினால் எஞ்சினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்றவேண்டும் என்கிறார்கள். இதுதானே நீ சொன்னது? மச்சான், ரிங் தேய்ந்திருந்தால் அது காலையிலும் தேய்ந்துதான் இருக்கும். வெயில் ஏறின பிறகு மட்டும் தேயுமா? காசைக் கொடுத்துவிடாதே. எஞ்சினை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். எப்போது மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் தவறுகிறது? ஒரு சிலிண்டரா, நாலுமா?

என் டட்சன் 1200 உனக்குத் தெரியும். 1171 சிசி எஞ்சின், கார்பரேட்டர், கரண்டை விட்டுவிட்டு வெட்டுகிற பொயின்ட் வைத்து, பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர், கம்ப்யூட்டர் என்று ஒரு சாமானும் கிடையாது. மேலே போகும்போது உரம், இறங்கும்போது லீக்ஸும் கரட்டும். போன தென்மேல் பருவ மழையில் அதுவும் இதே சேட்டையைத் தொடங்கியது, ஆனால் நேர்மாறாக. உன்னுடையது வெயிலில் இடறுகிறது, என்னுடையது விடியற்காலைப் பனியில். லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மிதித்தால் ஒரு பக்கம் செத்த மாதிரி இழுவை இல்லை. பத்து மணிக்கு மூட்டம் விலகி வெயில் வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

இங்கே ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், எழுபது தாண்டியவர். தோட்டத்து ஸ்டோரில் மெஷின் வேலை பார்த்துப் பழகினவர். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற லயத்துத் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். வண்டியைக் கொண்டுபோனால் பொனட்டைத் திறக்கமாட்டார். முதலில் கதைதான். ஏற்றத்திலா, சமதரையிலா? மழையிலா, வெயிலிலா? சும்மா நிற்கும்போது எப்படி? எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது, பாதி வேலையை அந்தக் கதையிலேயே முடித்துவிடுகிறார்.

சும்மா நிற்கும்போது நடுங்கி, மிதித்தால் சீராகிவிட்டால், எங்கேயோ கள்ளக் காற்று நுழைகிறது. வெக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், மெனிஃபோல்ட் காஸ்கெட் போயிருக்கலாம். சும்மா நிற்கும்போது நன்றாக இருந்து, சுமையில் மிஸ் அடித்தால், பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான் கோளாறு. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்றும் பெற்றோலும் போய் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அப்போது வழியில் எங்கேயாவது இன்சுலேஷன் பழுதாக இருந்தால், பொறி கஷ்டப்பட்டு பிளக்குக்குப் போகாது, அங்கேயே கசிந்துவிடும். கராஜ் வாசலில் நிறுத்தி இரண்டு மிதி மிதித்துவிட்டு “ஒன்றுமில்லையே” என்கிறவர்களுக்கு இது அகப்படாததற்குக் காரணம் அதுதான். நம் ஊரில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. உனக்குத்தான் கஷ்டம், வவுனியாவில் மேடு தேட வேண்டும். டொப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென்று முழுக்க மிதித்துப் பார், அதுவும் ஏறக்குறைய அதே பாரம்தான்.

சரி, பாஸ் செய்ததைச் சொல்கிறேன். நான் போனது நல்ல வெயில் நேரம், வண்டி சமர்த்தாக நின்றது. அவர் வீட்டுக்குள் போய், துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலை எடுத்து வந்தார். அந்தி சாயும்வரை தேநீர் குடித்தோம். இருட்டினதும் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களில் புகைபோல லேசாகத் தெளித்தார். இன்சுலேஷன் போன வயராக இருந்தால் நீலமாக மின்னும், சட்சட்டென்று சத்தமும் கேட்கும். ஒன்றும் இல்லை. அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் தெளித்தார். எஞ்சின் உடனே நொண்ட ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்கும் பனிக்கும் காத்திருந்து பார்க்க வேண்டிய நோயை மனுஷன் ஒரு போத்தல் தண்ணீரில் வரவழைத்துவிட்டார்.

அப்படி நொண்டிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றாம் நம்பரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தொய்ந்தது. இரண்டும் அப்படியே, நாலும் அப்படியே. மூன்றைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாத ஆளை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கு நஷ்டம்? ஆக மூன்றாம் நம்பர். இதை நீயே செய்யலாம், உன் வண்டியிலும் பொயின்ட்தான் என்று எழுதியிருக்கிறாய். எலெக்ட்ரோனிக் இக்னிஷன் உள்ள வண்டியில் மட்டும் வயரை அந்தரத்தில் தொங்கவிடாதே, பொறிக்கு வோல்டேஜைக் கூட்டுகிற கொயிலும் அதை இயக்குகிற மொட்யூலும் போய்விடும். எதுவாக இருந்தாலும் வெறும் கையால் தொடாதே, நம் வயதுக்கு அந்த அடி வேண்டாம்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, மூன்றாம் பிளக்கை இரண்டாம் சிலிண்டரிலும், இரண்டாம் பிளக்கை மூன்றிலும் போட்டார். மிஸ் மூன்றிலேயே நின்றது, பிளக்கில் குற்றமில்லை. வயரையும் அப்படி மாற்றினார், அப்போதும் மூன்றுதான். சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் பார்த்தார், நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. காசு கொடுத்து ஒரு சாமான்கூட இன்னும் வாங்கவில்லை, கவனி. உள்ளதையே இடம் மாற்றி மாற்றி, நோய் கூடவே போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

மிச்சம் இருந்தது மூடி. கிளிப்பைத் தட்டிக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மூன்றாம் நம்பர் பித்தளை முனையிலிருந்து விளிம்புவரை, பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு. கண்ணாடி போடாமல் எனக்குத் தெரியவே இல்லை. ஈரமும் தூசியும் படிந்த பிளாஸ்டிக் மேல் பொறி ஒரு தடவை ஊர்ந்து போனால் அந்த இடம் கருகிக் கரியாகிவிடும். கரி கரண்ட் கடத்தும். பிறகு ஒவ்வொரு ஈரத்துக்கும் பொறி அந்தப் பழகின பாதையிலேயே கீழே இறங்கிப் போய்விடும். பெற்றோலால் துடைத்துச் சுரண்டினால் கொஞ்ச நாள் ஓடும், நிரந்தரம் இல்லை. கொழும்பில் வேலை செய்கிற அக்கா மகனிடம் சொல்லி உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் புது மூடியும் அதற்குள் சுழல்கிற ரோட்டரும் வாங்கி அனுப்பச் சொன்னேன். வந்ததும் மாட்டினேன், அவ்வளவுதான். வயரை மட்டும் நம்பர் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்று, இந்த எஞ்சின்களில் பொறி போகிற வரிசை 1-3-4-2. ஒன்று மாறினால் இல்லாத நோயெல்லாம் வந்துவிடும்.

இனி உன் வண்டி. மிஸ் அடிக்கத் தொடங்கினதும் நிழலில் நிறுத்து, எஞ்சினை அணைக்காதே. அப்போதே வயரைக் கழற்றிப் பார். ஒரே சிலிண்டர் என்றால் மேலே எழுதினபடி பிளக், வயர், மூடி, வால்வு என்று போ. நாலும் சேர்ந்து தடுமாறினால், நாலுக்கும் பொதுவான சாமானில்தான் தேட வேண்டும்: கொயில், பொயின்ட் கருகாமல் காக்கிற கண்டென்சர், பொயின்ட், பெற்றோல் வருகிற வழி. சூடேறின பிறகுதான் வருகிறது என்பதால் என் சந்தேகம் கொயில் மேலேயும் கண்டென்சர் மேலேயும். கொயிலுக்குள் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஈரத் துணியைப் பிழிந்து கொயிலின் உடம்பில் மட்டும் சுற்று, மேல் முனையில் படவிடாதே. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சீரானால் கையும் களவுமாகப் பிடித்தாய். அதே துணியைப் பெற்றோல் பம்பில் போட்டுச் சீரானால், வெப்பத்தில் லைனுக்குள் பெற்றோல் ஆவியாகி அடைக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, கொயிலை எப்போதாவது மாற்றினாயா? சில கொயில்கள் ரெசிஸ்டரோடு போடவேண்டியவை. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் கை வைக்க முடியாத சூடு ஏறும், பொயின்டும் கருகும். பொயின்டைத் திறந்து பார், முகம் குழிவிழுந்து கறுத்திருந்தால் புது பொயின்ட், புது கண்டென்சர். இரண்டும் சேர்த்துப் போடு, கண்டென்சருக்கு மட்டும் தனியாகக் கஞ்சத்தனம் பார்க்காதே. என் எஞ்சினுக்கு பொயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர், உன்னுடையதற்குப் புத்தகத்தில் பார்த்து வை.

பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வை. தவிட்டு நிறம் என்றால் நலம். ஈரமாகப் பெற்றோல் மணத்தால் அங்கே பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் ரிங், வால்வு கைட் என்று யோசி, அப்போது கராஜ்காரர் சொன்னதும் சரியாக இருக்கலாம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம். நுவரெலியா பக்கம் ஓடுகிற வண்டிகளில் பிளக் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். 1868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆனால் கார்பரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைக்காது. உன் வவுனியாவில் பிளக் கரியாக இருந்தால் அந்தச் சாக்கு சொல்ல முடியாது, சோக்கையும் எயார் ஃபில்டரையும் பார்.

வால்வுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று: எஞ்சின் ஓடும்போது சைலன்சர் வாயருகில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடி. சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். இடையிடையே உள்ளே இழுத்தால் எக்ஸோஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படு. வால்வைத் திறக்கிற டெப்பட் இறுகினாலும் அப்படி வரும், அதை முதலில் சரிசெய்துவிட்டு மறுபடி பார்.

பார்க்கும்வரை சுமை ஏற்றாதே. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார், பெற்றோல் வாடை வந்தால் எண்ணெயை மாற்று. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கராஜ்காரர் கேட்கிற ரிங் வேலை உண்மையாகவே வந்துவிடும்.

விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் சொந்த வாகனங்களுக்குத் திறந்தார்கள். திறந்தும் வரியைக் கேட்டால் நம்மைப்போன்றவர்களுக்குத் தலை சுற்றுகிறது. இதை விற்றால் இந்த விலைக்கு இதைவிட மோசமான ஒன்றைத்தான் வாங்குவாய்.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியை நியமனம் கிடைத்துவிட்டது, மலையேறி நடக்கத்தான் வேண்டும். பெரியவன் கொழும்பில் கடையில். நாம் இருந்த லயத்தில் இப்போது பாதிக் காம்பரா அறைகள் பூட்டிக்கிடக்கின்றன, பொடியன்கள் ஒருவரும் மலை வேலைக்குப் போவதில்லை, குறைசொல்லவும் மனம் வரவில்லை. 77 கலவரத்துக்குப் பிறகு நீங்கள் சாமான் கட்டிக்கொண்டு வவுனியா போனபோது உன் அப்பா நட்டுவைத்துப்போன பேரிக்காய் மரம் இன்னும் காய்க்கிறது, காய் மட்டும் கல் மாதிரி.

பிளக் நாலும் எந்த நிறம், ஒரு சிலிண்டரா நாலுமா, ஈரத்துணிக்கு என்ன செய்தது, மூன்றையும் எழுது. போனில் சொன்னாலும் சரி, ஆனால் எழுதினால் பாஸிடம் காட்டலாம். மாசித் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் கெப்பிலேயே வா, பனங்கட்டி மறக்காதே.

உன் பழைய கூட்டாளி