மணல் போகும் வழி

உவர்மலை,
திருகோணமலை.
ஆவணி மாதம்.

அன்பின் ரவி,

இங்கே எல்லோரும் நலம். நிலாவெளி வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்ததென்றும் முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய், சந்தோசம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, தெருவெல்லாம் புழுதிதான். ஆனால் நீ கேட்ட வேலைக்கு இந்த வெயில்தான் வேணும். புரட்டாதி முடியுமுன் கல்லும் மணலும் இறுகிவிட வேண்டும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை இறங்கிவிட்டால் பிறகு தை வரைக்கும் கை வைக்க ஏலாது.

என்ன மணல் போட்டால் கல்லுக்கிடையிலுள்ள இடுக்கில் நிற்கும் என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் போட்ட மணல் எங்கே போகிறது என்று பார்ப்போம். அது கீழே இறங்கும், பக்கத்தால் நழுவும், அல்லது தண்ணீரோடு மேலே கிளம்பும். மேசன்மார் மணலை மாற்றிப் பார்ப்பார்கள், சீமெந்தும் கலந்து பார்ப்பார்கள். அந்த மூன்று வழியும் திறந்திருக்கிறவரை எதைப் போட்டாலும் அடுத்த மாரியில் இடுக்கு வெறுமையாகத்தான் கிடக்கும்.

இடுக்கு மணல் அழகுக்குப் போடுவதல்ல மச்சான். ஒரு கல்லில் விழும் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துவது அந்த மணலின் உராய்வுதான். மணல் போனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக நின்று பாரம் தாங்க வேண்டும். ஆடத் தொடங்கும், முனை உடையும், பிறகு பள்ளம்.

கீழே போகும் வழியை முதலில் அடைப்போம். உன் வளவு கடற்கரை மணல் நிலம். தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் இறுகாது. மேலே ஏபிசி (சிறிதும் பெரிதுமாகக் கலந்த அடித்தளச் சல்லி) கொட்டினால் அது மெல்ல மெல்ல அந்த மணலுக்குள் புதையும். அதனால் நிலத்தை நனைத்து அடித்து இறுக்கி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் ஏபிசி போடு. துணி ஒன்றோடொன்று ஒரு அடி ஏறி நிற்கட்டும். நடக்கும் இடத்துக்கு 4 முதல் 6 அங்குலம் போதும், வாகனம் ஏறும் இடத்துக்கு 8 அங்குலம் வேணும். ஒரே தடவையில் கொட்டி அடிக்க விடாதே. 4 அங்குலத்துக்கு மேற்பட்ட அடுக்கில் கொம்பெக்டர் இயந்திரத்தின் அதிர்வு அடிவரை போய்ச் சேராது. மேலே கல்லுப் போல இறுகியிருக்கும், கீழே பொலபொலவென்று கிடக்கும்.

துணிக்குப் பதிலாக பொலித்தீன் விரிக்கலாம், புல் முளைக்காது என்று யாராவது சொன்னால் கேளாதே. பொலித்தீன் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதன்மேல் இருக்கும் மணல் மாரி முழுக்கச் சேறாகவே கிடக்கும்.

ஏபிசியின் மேல் ஆற்று மணல் ஒரு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு அங்குலக் குழாய் இரண்டை வைத்து, நேர்ப்பலகையால் இழுத்து மட்டம் எடு. குழாயை எடுத்த தடத்தை நிரப்பிய பிறகு அதில் யாரும் மிதிக்கக் கூடாது. 100 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட பத்திலொரு கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மணல் செல்லும். அதைவிடக் கூடுதலாகச் செல்கிறதென்றால் ஏபிசி மட்டமில்லை, மேசன் பள்ளத்தை மணலால் மறைக்கிறார் என்று அர்த்தம். மணல் தடித்த இடம் கூடுதலாகத் தாழும், அங்கேதான் இடுக்கு முதலில் வாய் திறக்கும்.

இந்த அடுக்குக்குக் கருங்கல் தூள் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அடிக்கும்போது சிமென்டுத் தளம் போல இறுகுவதால் நல்லது என்று நம்புகிறார்கள். அதில் மாப்போன்ற தூசி அதிகம். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாகி, வாகனம் ஏறும்போதெல்லாம் இடுக்கு வழியாக மேலே பிதுங்கும். நான் சொன்ன மூன்றாவது வழி அதுதான்.

அடுத்தது ஓரம். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோரும் கை வைக்கும் இடமும் இதுதான். ஓரக்கல் கால் அங்குலம் வெளியே நகர்ந்தாலே போதும், அந்தக் கால் அங்குலம் உள்ளேயுள்ள இடுக்குகளுக்கெல்லாம் பங்கு பிரிந்து, மணல் நழுவ வழி கிடைத்துவிடும். ஓரத்தில் மண்மேல் சாந்து அப்பிவிடுவது ஒரு மழைக்கும் தாங்காது. ஏபிசியை முற்றத்தின் எல்லையைத் தாண்டி அரை அடி நீட்டிப் போடச் சொல். அந்த ஏபிசியின் மேல் 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிரீட், 6 அங்குல அகலம், கல்லின் பக்க உயரத்தில் பாதிக்கு மேல் ஏற வேண்டும். பிறகு மண்ணால் மூடிவிட்டால் வெளியே தெரியாது. வெட்டிய கல் ஓரத்தில் வரும்போது முழுக்கல்லின் மூன்றிலொரு பங்கிலும் சிறிய துண்டை வைக்க விடாதே, அது நிற்காது.

வாட்டம் 50க்கு 1. பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் வீட்டிலிருந்து வெளியே. தாழ்ந்த ஓரக் கொங்கிரீட்டில் மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக இரண்டு அங்குல ஓட்டை விட்டு, உட்பக்கம் ஜியோடெக்ஸ்டைல் துண்டு வைக்கச் சொல். இறங்கிய தண்ணீர் வெளியே போகும், மணல் உள்ளே நிற்கும். துணியில்லாத ஓட்டை மணலுக்கு நீயே கதவு திறந்து விட்டதற்குச் சமம்.

இப்போது கூரை. உன் கடிதத்தில் பீலி (கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால்) பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. கூரைத் தண்ணீர் பத்துப் பன்னிரண்டடி உயரத்திலிருந்து ஒரே கோட்டில் விழுந்தால் அந்தக் கோட்டிலுள்ள இடுக்குகள் கார்த்திகை மழையில் ஒரே இரவில் காலியாகும். எந்த மணலும் அதைத் தாங்காது. பீலி போட்டுத் தண்ணீரைக் குழாயால் நிலத்துக்கு இறக்கு, அந்தக் குழாயின் வாயும் முற்றத்துக்கு வெளியே இருக்கட்டும். பீலி போட இப்போது வசதியில்லையென்றால், தண்ணீர் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கல் பதிக்காமல் விட்டு, இரு பக்கமும் கரை கட்டிக் கூழாங்கல் போடு. கிணற்றடியிலும் உடுப்புத் தோய்க்கும் இடத்திலும் இன்டர்லொக் வேண்டாம். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் இடத்தில் சீமெந்துத் தளமே நல்லது.

கல் வாங்கும்போது நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ., வாகனத்துக்கு 80 மி.மீ. தடிப்பு. பத்துக் கல்லைச் சேர்த்து அடுக்கி அளந்து பார், பிறகு இன்னொரு பத்து. இரண்டு வரிசைக்கும் 10 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சுத் தேய்ந்த கல். அதில் இடுக்கு ஓரிடத்தில் ஒட்டி, ஓரிடத்தில் விரல் போகும் அளவுக்கு வரும். இடுக்கு 2 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட இடுக்கும் கூடாது, மணல் உள்ளே இறங்காது.

இனி மணல். முற்றத்துக்கு முன்னாலேயே கடற்கரை இருக்கிறது என்று அதை அள்ள நினைக்காதே. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த மணல் இதற்கு உதவாது. அலையில் உருண்டு உருண்டு மணி மழுங்கிப் போனது, ஒன்றையொன்று பிடிக்காது. அதிலுள்ள உப்பு கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து அனுமதிப் பத்திரத்தோடு வரும் மகாவலி ஆற்று மணல் போதும். மணி முனையோடு இருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வை. மணல் 10 செ.மீ. நின்றால் மேலே படியும் வண்டல் 8 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவிக் காய வைக்க வேண்டும்.

கீழே விரித்த அதே மணலை அப்படியே இடுக்குக்கும் தள்ளுவதுதான் வழமை. 3 மி.மீ. இடுக்கில் 4 மி.மீ. மணி எப்படி இறங்கும்? வாயிலேயே சிக்கிப் பாலம் போட்டுக்கொள்ளும். இடுக்குக்கானதை நுளம்பு வலைக் கம்பியில் அரித்தெடு. பிறகு தறப்பாளில் மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு, ஒரு முழு வெயில் காய வை. கையில் பிடித்து விட்டால் விரல் இடுக்கால் சொரிய வேண்டும், உருண்டை பிடிக்கக் கூடாது. ரவி, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. ஈர மணலும் கல்லின் வாயில் பாலம் போடும், மேலே நிறைந்தது போலத் தெரியும், கீழே இரண்டு அங்குலம் வெறுமை. முதல் மழையில் அது பொத்தென்று விழும்போது “மணல் கழுவிப் போய்விட்டது” என்பார்கள். அந்த மணல் இடுக்குக்குள் இறங்கியதே இல்லை.

அளவு: 200க்கு 100 மி.மீ. கல், 60 தடிப்பு, 3 மி.மீ. இடுக்கு என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 40 கிலோ. சிந்துவதற்கும் பிறகு நிரப்புவதற்கும் சேர்த்து 60 கிலோ வைத்துக்கொள்.

கல் பதித்ததும் மணல் போடாமல் ஒரு தடவை கொம்பெக்டர் ஓட்ட வேண்டும், கல் கீழ் மணலில் அமர. ஓரக் கொங்கிரீட் இறுகாத பக்கத்தில் மூன்றடி தள்ளியே ஓட்டட்டும். உடைந்த கல்லை இப்போதே மாற்று. பிறகு காய்ந்த மணலைப் பரப்பி, தும்புத்தடியால் (தென்னந்தும்புத் துடைப்பம்) குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளி, மீண்டும் கொம்பெக்டர். அதிர்வில் மணல் இறங்கும், திரும்ப நிரப்பு, திரும்ப ஓட்டு. மூன்று தடவையாவது வேணும். இனி இறங்காது என்று கண்டால்தான் நிறுத்த வேண்டும். கல்லின் விளிம்பில் சரிவு இருந்தால் அந்தச் சரிவு முடியும் இடத்துக்கு 3 மி.மீ. கீழே மணல் நிற்கட்டும். விளிம்புவரை நிரப்பினால் காலிலும் காற்றிலும் போவதுதான் மிச்சம். கடைசியில் மெல்லிய படலமாக மணலை மேலேயே இரண்டு கிழமை விட்டு வை. வாசலில் அழுக்காக இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்.

முதல் மூன்று மாதம் ஈர்க்குமாற்றால் பெருக்க வேண்டாம். ஈர்க்கு நுனி இடுக்குக்குள் போய் நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கிண்டி எடுக்கும். தும்புத்தடியால் பெருக்கு. அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் மணலை நீயே வெளியே எடுக்கிறாய். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் முனையைச் சரித்துப் பிடித்து, காய்ந்த பிறகு இடுக்கை மீண்டும் நிரப்பு.

சீமெந்து கலப்பது பற்றிக் கேட்டாய். வேண்டாம். கல் வெயிலிலும் பாரத்திலும் அசையும், சீமெந்து அசையாது, வெடிக்கும். வெடிப்பால் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியின்றிக் கீழே தேங்கும். கல்லின் முகத்தில் படிந்த சீமெந்துக் கறையும் போகாது. பொலிமர் மணல் வேறு சாமான், தண்ணீர் பட்டதும் பிணைந்து இறுகும், சரிவான நடைபாதைக்கு நல்லது. ஆனால் கல்லும் இடுக்கும் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 24 மணித்தியாலம் மழை இருக்கக் கூடாது, மேலே படிந்த தூளை முழுக்க ஊதி எடுத்த பிறகே தூறலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு படலம் விட்டாலும் வெள்ளையாகப் பிடிக்கும். உன் முற்றம் தட்டையானது. அந்தக் காசைப் பீலிக்குப் போடு.

முதல் பெருமழை ஓய்ந்ததும் மெல்லிய கத்தியோடு முற்றத்தைச் சுற்றி வா. எங்கும் ஒரே சீராக இறங்கியிருந்தால் பயமில்லை, அது அமர்வு. காய்ந்ததும் நிரப்பிவிடு. 10 மி.மீட்டருக்கு மேல் கத்தி இறங்கினால் தள்ளிப்போடாதே. ஒரே கோட்டில் போயிருந்தால் மேலே நிமிர்ந்து கூரையைப் பார். ஓரத்தில் மட்டும் என்றால் கரை நகர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் குழியாக என்றால் கல்லைக் கிளப்பிப் பார்க்கத்தான் வேண்டும், கீழே குழாய் ஒழுகலாம், ஏபிசி அமர்ந்திருக்கலாம். மிதிக்கும்போது கலங்கல் தண்ணீர் பிதுங்கினால் அடி மணல் கூழாகிவிட்டது. சிறு குவியலாக மணல் மேலே வந்திருந்தால் எறும்பு, அதற்கு மருந்து போட்டு மீண்டும் நிரப்பினால் போதும். புல் பெரும்பாலும் மேலிருந்து விழும் விதையால் வருவது, வேம்பிலையும் புழுதியும் இடுக்கில் தேங்க விடாமல் இருந்தால் குறையும். கோரை மட்டும் கிழங்கால் வரும், நிலம் வெட்டும்போதே பொறுக்கி எடுக்கச் சொல்.

தம்பலகாமத்தில் அக்கா வீட்டுப் பாதைக்கும் இதே முறைதான். ஆனால் அது வயல் களி, மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். அங்கே ஏபிசியை 8 அங்குலமாக்கு, துணியைக் குழியின் இரு பக்கச் சுவரிலும் ஏற்றி விடு. சுற்றியுள்ள வளவைவிடப் பாதையை இரண்டு அங்குலம் உயர்த்தாவிட்டால் வயல் தண்ணீர் பக்கத்தால் உள்ளே வரும். அக்காவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்.

டிப்பர் எந்தக் கிழமை வருகிறது என்று எழுது. அதற்கு முன் கூரை ஓரத்தின் நீளத்தை அளந்து அனுப்பு, பீலிக்கு எத்தனை குழாய் இறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
தேவன்