அச்சுப் பாடத்தொகுதிகளைப் பகிர்ந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வேலை பார்த்துக்கொண்டே தொலைக்கல்வியில் படிப்பவர்கள் ஏராளம். இவர்களுக்கு அச்சிட்ட பாடத்தொகுதிதான் விரிவுரையாளர். மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, 'இணையத்தில் இறக்கிப் படியுங்கள்' என்பது சரிவராது.

என்னிடமுள்ள கல்வி உளவியல் தொகுதி, யாரோ எடுத்த பிரதியின் பிரதி. படங்கள் கறுப்புத் திட்டுகளாகக் கிடக்கின்றன. வலது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்தைக் காணவில்லை. நான் படிக்கும் நிறுவனத்தில் கேட்டால், தமிழ்ப் பதிப்பு முடிந்துவிட்டதாம். சிங்களத்தில் தாராளமாக இருக்கிறது.

இதே பாடத்தை வேறு நிறுவனங்களும் தமிழில் எழுதி அச்சிடுகின்றன. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம், வெளிவாரிப் பட்டம் நடத்தும் பல்கலைக்கழகங்கள் எல்லாம் உடன்பட்டு, ஒன்றின் தொகுதியை மற்றதன் மாணவருக்கும் அச்சுச் செலவுக்குக் கொடுக்கலாமே! பாடத்திட்டம் வேறுபடும் இடத்துக்கு ஒரு சிறு இணைப்பேடு போதும். எழுதியவருக்கும் நிறுவனத்துக்கும் உரிய பதிப்புரிமையை அட்டையிலேயே போட்டுவிடலாம். இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகத்தின் பாடநூல்களை மாநிலத் திறந்த பல்கலைக்கழகங்கள் பெற்றுப் பயன்படுத்தியிருக்கின்றன. நமக்கு மட்டும் ஏன் முடியாது?

அதுவரைக்கும், ஒவ்வொரு தமிழ்த் தொகுதியிலும் ஒரு பிரதியையாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பொது நூலகங்களுக்கு இந்த நிறுவனங்கள் அனுப்பிவைக்க வேண்டும். அடுத்த பரீட்சைக்கு முன்பே அனுப்பினால் பலர் தப்புவார்கள்.

தொலைக்கல்வி மாணவி,
துணுக்காய்