வேகாத சிக்கன் பர்கர், பச்சை முட்டை மயோனைஸ், பில்லில் சேர்த்த சேவைக் கட்டணம் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கே.கே. நகர், மதுரை.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர், உணவக நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.
நாள்: 19.08.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மதுரை பைபாஸ் சாலையில் உள்ள தங்கள் கிளையில் 17.08.2025 ஞாயிறு இரவு நானும் என் மகளும் அக்கா மகனும் சாப்பிட்டோம். அன்று நான் எதைக் கேட்டாலும் ஊழியர்களும் கிளை மேலாளரும் தந்த ஒரே பதில், "இது அமெரிக்கப் பாணி சார்" என்பதுதான். அந்தப் பதிலை ஏற்க முடியாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வந்த மக்ரோனி அண்ட் சீஸும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் சூடாகவும் நன்றாகவும் இருந்தன. அவற்றில் எனக்குக் குறையில்லை. பிறகு வந்த சிக்கன் பர்கரை என் மகள் இரண்டு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டாள். பிரித்துப் பார்த்தபோது, பன்னுக்கு நடுவே இருந்த கொத்துக்கறி வட்டு ஓரத்தில் கருகியும், நடுவில் இளஞ்சிவப்பாக, தொட்டால் சில்லென்றும் இருந்தது. மேலாளரை அழைத்துக் காட்டினேன். உள்ளே சாறு நிற்பதற்காக அப்படித்தான் வேகவைப்போம், அமெரிக்காவில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றார்.

அமெரிக்காவில் கோழிக்கறியை அப்படிச் சாப்பிடச் சொல்வதில்லை. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தி அரைக்கும்போது அவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. எனவேதான் அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸையும், கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியையும் எட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையே வலியுறுத்துகிறது. நிறத்தை மட்டும் வைத்து வெந்ததா என்று முடிவு செய்ய முடியாது என்பதும் உண்மை, அதற்குத்தான் வெப்பமானி. தங்கள் சமையலறையில் அது உண்டா என்று கேட்டேன், பதில் இல்லை. எங்கள் ஊரில் கறிதோசை போடுபவர், முன்பே நன்றாக வெந்த கறியைத்தான் தோசையின்மேல் பரப்புவார். மதுரைக்காரரிடம் கறி வேகாததைப் பாணி என்று சொல்லிச் சமாளிப்பது எளிதல்ல.

பர்கருடன் சிறு கிண்ணத்தில் மயோனைஸ் வைத்திருந்தார்கள். சுவை வேறாக இருந்ததால் விசாரித்தபோது, பாக்கெட்டில் வாங்கியது அல்ல, பச்சை முட்டையை அடித்து இங்கேயே செய்தது என்று பரிமாறியவர் பெருமையாகவே சொன்னார். சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் அபாயத்தைக் கருதி, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்திருக்கிறது. முட்டையில்லாத மயோனைஸுக்குத் தடை ஏதும் இல்லாதபோது, தடை வந்து நான்கு மாதங்களுக்குப் பிறகும் தங்கள் கிளையில் அது எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும். பரிமாறிய இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

கடைசியாக பில். உணவுக்கு 1,460 ரூபாய். அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம் 146 ரூபாய். இரண்டையும் கூட்டிய தொகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 80 ரூபாய் 30 காசு. சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னபோது, டிப்ஸ் கொடுப்பது அமெரிக்க வழக்கம் என்ற விளக்கம் வந்தது. மனமுவந்து கொடுப்பதுதான் டிப்ஸ். கணினி தானாகச் சேர்ப்பதை அப்படி அழைக்க இயலாது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது, அதைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி விதிக்கவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அன்று முழுத் தொகையையும் செலுத்திவிட்டு வந்தேன்.

எனவே, சேவைக் கட்டணமும் அதன்மீதான வரியும் சேர்ந்த 153 ரூபாய் 30 காசையும், உண்ண முடியாத பர்கரின் விலையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கோழி இறைச்சியின் வெப்பநிலையை அக்கிளையில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதற்கும், மயோனைஸ் எதில் செய்யப்படுகிறது என்பதற்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். பணத்தைவிட இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம்; விடுமுறை நாட்களில் அங்கே வருவோரில் பாதிப்பேர் குழந்தைகள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், மயோனைஸ், இறைச்சி பற்றி மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், கட்டணம் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பிரித்த பர்கரின் ஒளிப்படங்கள்.