வேலிக்கு உள்ளே போன மகளுக்கு

அன்பு மக்ளே,

ஜோன்ஸ் கல்லூரியில் அறை கிடைத்துவிட்டது, கூடத் தங்கும் பிள்ளை நன்றாகப் பேசுகிறாள் என்று நீ அனுப்பியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "ரைஸ் பல்கலைக்கழகம்னுதானே சொன்னா, இப்ப என்ன ஜோன்ஸ் கல்லூரி?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையும், அவளிடம் சொல்லாத சிலதையும் உனக்கு எழுதுகிறேன்.

நீ அப்பாவோடும் பாட்டியோடும் நாகர்கோவிலில் இருந்த வருடங்களில், டெக்சாஸின் ஹூஸ்டனில், அந்த வளாகத்துக்கு எதிரே மெடிக்கல் சென்டரில்தான் எனக்கு வேலை. டியூட்டி முடிந்ததும் மெயின் ஸ்ட்ரீட்டைக் கடந்து, ரைஸின் செடிவேலியை ஒட்டிய பாதையில் நடப்பேன். ஒரு சுற்று சுமார் 3 மைல். ஓக் மரக் கிளைகள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும், ஆகஸ்ட் வெயிலிலும் நடக்கலாம். உள்ளே 4,000-க்கும் மேல் மரங்கள் இருக்கின்றன. இளநிலை மாணவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்தான். அதே மாநிலத்தில் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 40,000-க்கும் மேல். 1962 செப்டம்பரில் ரைஸ் ஸ்டேடியத்தில் நின்று நிலவுக்குப் போவோம் என்று கென்னடி பேசியபோது, "ரைஸ் ஏன் டெக்சாஸோடு விளையாடுகிறது?" என்று கேட்டது இதனால்தான். சின்னப் பள்ளி பெரிய அணியோடு மோதுவது அந்த ஊருக்கே தெரிந்த சங்கதி.

அந்தச் சின்ன அளவுதான் எனக்குப் பிடித்தது. நீ பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தும் கையைத் தூக்காமல் இருந்த பிள்ளை. நாற்பதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் உன்னை யாரும் தேட மாட்டார்கள். இங்கே ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. ஒதுங்கி உட்கார இடம் கிடைக்காது.

ஜோன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ரைஸுக்குள்ளேயே பிள்ளைகள் தங்கும் கல்லூரிகளில் ஒன்று அது. 1957-இல் நான்கு ஆண்கள் கல்லூரிகளோடு பெண்களுக்கென்று தொடங்கியது. இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் இருபாலரும் உண்டு. 2009-இல் கல்லூரிகளின் எண்ணிக்கை பதினொன்று ஆனது. பாடம் எல்லாருக்கும் பொது. தங்குவது, சாப்பிடுவது, சங்கத் தேர்தல், சண்டை, கொண்டாட்டம் எல்லாம் கல்லூரிக்குள். யாருக்கு எந்தக் கல்லூரி என்பதை நிர்வாகமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பணக்காரப் பிள்ளைகள் ஒரு பக்கம், இன்ன ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் என்று சேர வழியில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உள்ள ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி எதுவும் இங்கே கிடையாது. மாஜிஸ்டர் என்று ஒரு பேராசிரியர் குடும்பத்தோடு பக்கத்து வீட்டிலேயே இருப்பார். உடம்புக்கு முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் அந்த வீட்டுக் கதவைத் தட்டு.

புதுப் பிள்ளைகளுக்கான அறிமுக வாரமான ஓ-வீக்கில் ஊர்வலமாக லவெட் ஹால் வளைவு வழியாக உள்ளே நடக்க வைப்பார்கள். பட்டம் வாங்கும் நாளில் அதே வழியாக வெளியே போக வேண்டும். நடுவில் அதைக் கடந்து வெளியே போனால் பட்டம் கிடைக்காது என்று பிள்ளைகள் சொல்வார்கள். நீ சுற்றிக்கொண்டே போ, மக்ளே. மார்ச், ஏப்ரல் வாக்கில் பீர் பைக் என்ற சைக்கிள் பந்தயம் வரும். பேரைப் பார்த்துப் பயந்துதான் போனேன். பீருக்குப் பதில் தண்ணீர் குடித்தும் கலந்துகொள்ளலாம், சைக்கிள் மட்டும் மிதிக்கலாம். உனக்குத்தான் நன்றாக மிதிக்க வருமே.

தேர்வு முறை உனக்குப் புதிதாக இருக்கும். நம் பிளஸ் டூ ஹாலில் பறக்கும் படை வந்து பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்குமே, அங்கே அப்படி இல்லை. சில தேர்வுகளை அறைக்கே கொண்டுபோய், நீயே நேரம் வைத்து எழுத வேண்டும். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். யாருடைய உதவியும் பெறவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் விசாரிப்பதும் மாணவர் குழுதான். மதிப்பெண் குறைந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்து மட்டும் சுத்தமாக இருக்கட்டும்.

நீ கட்டாயம் போக வேண்டிய ஓர் இடம் ஆஷ்மன் டிசைன் கிச்சன். முன்பு வளாகத்துச் சமையல்கூடமாக இருந்த கட்டடத்தில் இப்போது பிள்ளைகள் கருவி செய்கிறார்கள். குறைமாதக் குழந்தை மூச்சுவிட உதவும் குமிழி சி-பாப் கருவியை மலாவிக்காக மலிவாகச் செய்ததும் ரைஸ் பிள்ளைகள்தான். முதல் மாதிரி, மீன் தொட்டிக்குக் காற்று விடும் பம்புகளைச் செருப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தது. என் வேலை அதோடு என்பதால் சொல்கிறேன்: காற்றுக் குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் முங்கியிருக்கிறதோ, அந்த அழுத்தம்தான் நுரையீரலைச் சுருங்க விடாமல் பிடித்து வைக்கும். குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் எங்கோ கசிகிறது. இதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கருவியை வைத்து வேலை செய்தவள் நான். மலாவியின் பிளான்டயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்த குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தன, இந்தக் கருவி வைத்தவர்களில் 71 சதவீதம். வாசித்துவிட்டு அழுதேன். இருபது வயதுப் பிள்ளைகள் தொடங்கி வைத்த வேலை, பேராசிரியர்கள் கூடவே நின்றார்கள். உன்னை அங்கே அனுப்பலாம் என்று நான் முடிவு செய்தது அன்றுதான்.

அந்த இடத்தின் பழைய கணக்கும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வில்லியம் மார்ஷ் ரைஸ் 1891-இல் சாசனம் எழுதியபோது, கட்டணமில்லாத படிப்பு, ஆனால் வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்தார். 1900-இல் சொத்துக்காக வேலைக்காரனும் ஒரு வக்கீலும் சேர்ந்து அவரைக் கொன்றார்கள். கல்வி நிலையம் திறந்தது 1912-இல். சாசனத்தின் அந்த வரியை மாற்ற அறங்காவலர்களே 1963-இல் நீதிமன்றம் போனார்கள், பழைய மாணவர்கள் சிலர் எதிர்த்து வழக்காடினார்கள். ரேமண்ட் ஜான்சன் என்ற கறுப்பின மாணவர் கணிதம் படிக்க வந்து, வழக்கு முடியும்வரை முறையான சேர்க்கை இல்லாமலே காத்திருந்து, 1969-இல் முனைவர் பட்டம் வாங்கினார். வளாகத்து முற்றத்தின் நடுவில் இருந்த ரைஸின் சிலையை இப்போது அதே முற்றத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பார்க்கும்போது ஜான்சனையும் நினைத்துக்கொள்.

அப்புறம், வேலிக்கு உள்ளேயே கிடக்காதே. மரமும் நிழலும் பழகிவிட்டால் வெளியே போகவே தோன்றாது. டிராம் வாசலிலேயே நிற்கும். மசாலாப் பொடி, நல்லெண்ணெய் எல்லாம் ஹில்கிராஃப்ட் பக்கம் கிடைக்கும். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குக் கார் உள்ள யாராவது போகும்போது சேர்ந்துகொள். ஷெப்பர்ட் இசைப் பள்ளியில் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். நவம்பர்வரை புயல் காலம், அதனால் பவர் பேங்கை முழுதாகச் சார்ஜ் செய்து வை, தண்ணீர் பாட்டில் வாங்கி வை.

வகுப்பு தொடங்கிய முதல் வாரமே ஒரு பேராசிரியரின் அறைக்குப் போய் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு, யார், என்ன கேட்டாய், என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. ஓ-வீக்கில் போன் பேச நேரம் இருக்காது என்று தெரியும். படுக்கும் முன் ஒரு வரி போட்டால் போதும், பாட்டிக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா