ரிப்போர்ட்டை மெடிக்கலில் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக்டீரியாவுக்கும் வயதாகும் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, பார்ப்பவள் நான். நாள் முழுக்க ஈ.கோலை என்ற பாக்டீரியாவோடுதான் பிழைப்பு. அதனால் ஒரு வரி விடாமல் படித்தேன். 2005-இல் பாரிஸில் எரிக் ஸ்டூவர்ட் குழுவினர் ஈ.கோலை செல்களை நுண்ணோக்கியில் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்ததையும், செல் இரண்டாகப் பிரியும்போது வெட்டிய இடத்தில் புது முனை உண்டாக, தாயின் பழைய முனை எந்தச் செல்லுக்குப் போகிறதோ அதன் வளர்ச்சி மந்தமாவதையும் நன்றாகவே விளக்கியிருந்தார்கள்.

ஆனால் அடுத்த பத்தியில் மருந்துக்குத் தப்பிக்கும் கிருமியையும் மருந்தை எதிர்க்கும் கிருமியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அது வேறு, இது வேறு. பென்சிலின் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு சில கிருமிகள் சாகாமல் மிஞ்சுவதை 1944-லேயே நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர் எழுதிவிட்டார். பென்சிலின் கெடுப்பது செல்சுவர் கட்டும் வேலையை. வளராமல் சும்மா கிடக்கும் கிருமி சுவர் கட்டாது, அதனால் தப்பிக்கிறது. அதுவே மறுபடி பெருகினால் அதன் வாரிசுகள் அதே பென்சிலினுக்குச் சாகும். எதிர்ப்பு அப்படியல்ல. அது மரபணுவில் இருப்பது. வாரிசுக்கும் போகும், பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையம் மூலம் பக்கத்தில் இருக்கும் கிருமிக்கும் கைமாறும்.

எங்கள் தட்டில் தெரிவது இந்த இரண்டாவது ரகம். கிருமி வளர்க்கும் வெளிர்மஞ்சள் ஜெல்லியான அகார் மேல் சிறுநீரில் எடுத்த கிருமியைப் பூசி, மருந்து ஏற்றிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். காலையில் தட்டைத் திருப்பி வைத்து ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பேன். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றிய காகிதத்தைச் சுற்றி அளக்க ஒன்றுமே இல்லாத தட்டுகள் சாதாரணமாகிவிட்டன. காகிதத்தின் விளிம்பு வரை கிருமி ஏறி நிற்கும். நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற இன்னொரு மருந்துக்கு இன்னும் நல்ல வட்டம் விழுகிறது, அதுவரை நிம்மதி.

கட்டுரையில் கிருமியின் வயதைச் சொன்னார்கள், நோயாளியின் வயதைச் சொல்லவில்லை. லான்செட் மருத்துவ இதழில் 2024-இல் வந்த உலகளாவிய கணக்கெடுப்பின்படி 1990 முதல் 2021 வரை மருந்து எதிர்ப்பால் இறந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்தது. எழுபது தாண்டியவர்களில் அதே சாவு 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது. சர்க்கரை, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், படுத்த படுக்கையானவர்களுக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் என்று கிருமி தங்க வயதானவர்களிடம் வழி நிறைய.

இதில் வெளியே யாரும் பேசாத ஒன்று உண்டு. வயதானவர்கள் பலருக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. ஆனால் ரிப்போர்ட்டில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று பார்த்ததும் வீட்டில் பதறிவிடுகிறார்கள். மாமனாரின் ரிப்போர்ட்டை வாங்கிப்போன ஒரு பெண் மறுபடி வந்தபோது, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “அங்க எங்கக்கா போறது, மெடிக்கல்ல காட்டி நாலு மாத்திரை வாங்கிட்டோம்” என்றார். வாங்கியது செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக். மாமனாருக்குக் காய்ச்சல்கூட இல்லை, மாஸ்டர் செக்கப்பில் சும்மா எடுத்தது.

செஃபிக்சிம் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. 2014-இலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனி நோட்டில் பதிய வேண்டும். எத்தனை கடையில் அந்த நோட்டைப் புரட்டுகிறார்களோ! எங்கள் நிலையத்தில் ரிப்போர்ட்டின் அடியில் ‘மருத்துவரிடம் மட்டும் காட்டவும்’ என்று முத்திரை போடலாம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். மற்ற நிலையங்களும் யோசிக்கலாம்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிபி மாத்திரையோடு பெரியவர்கள் இருக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறவர்கள் அந்தத் தன்னார்வலர்கள். மாத்திரை டப்பாவில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் அட்டை கண்ணில் பட்டால், யார் கொடுத்தது, ஏன் பாதியில் நின்றது என்று கேட்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லும்படி சுகாதாரத் துறை அவர்களுக்கு ஒரு உத்தரவு போட வேண்டும். அட்டையின் பின்புறம், மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.