நெடுந்தீவுக் குதிரைகளைத் துரத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். ஆவணி விடுமுறையில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். வயலும் குளமும் காடுமாக வன்னியில் வளர்ந்த எங்களுக்கு, குறிகாட்டுவான் துறையில் படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போவதே பெரிய விசயம், ஆனால் 1985 மே 15இல் குமுதினிப் படகில் போன சனம் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே கடலில்தான் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

தீவில் இறங்கினால் அப்படியொரு அமைதி. முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், பொந்துக்குள் ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம். விடிய எழும்பி நடந்தால் மனதில் கிடந்த பாரமெல்லாம் தானாக இறங்குகிறது.

இரண்டாம் நாள் வற்றிப்போன ஒரு கேணியடியில், தீவில் தன்பாட்டில் திரியும் குதிரைகளில் ஒன்றும் அதன் குட்டியும் நின்றன. தாய் முன்னங்காலால் சேற்றைக் கிளறிவிட்டு, தண்ணீர் ஊறும்வரை தலையைக் குனிந்தபடி காத்து நின்றது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்கள் படம் எடுக்க அவற்றைத் துரத்தினார்கள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டும் ஓடிவிட்டன.

தம்பிமாரே, தூர நின்று பாருங்கள். கோடையில் அவற்றுக்குத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும். அப்புறம், கொண்டுபோகும் பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள், நாங்கள் ஒரு உரப்பையில் கட்டிப் படகில் ஏற்றி வந்தோம்.

கிளிநொச்சி வாசகி